பொறி வேகவைத்தவனின் அருணாக்கயிறு

சத்தியம், சத்தியம், மூன்று தரம் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் நாக்கைப் பன்றிப் பொறியின் மிதிதகட்டில் வைத்து நீங்களே வில்லைத் தட்டிவிடுங்கள், துண்டாகி விழுகிற நாக்கைக் காக்கைக்குப் போடுங்கள், காக்கை தின்ன மறுத்தால் மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுங்கள், ஏனென்றால் பொய் படாத நாக்கு உப்பில்லாத கறி, அதை எந்தக் காக்கையும் தின்னாது.

மலை முடிந்து மக்காச்சோளம் தொடங்குகிற இடத்தில் கூவாம்பாறை என்று ஓர் ஊர். அங்கே ஐப்பசி பிறந்துவிட்டால், வருஷமெல்லாம் அடுப்புக்கு மேலே புகை குடித்துத் தொங்கிய பொறிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். முதலை வாயைத் திறந்து வைத்த மாதிரி இரண்டு தாடை, தாடை முழுக்கப் பல், அடியில் வில், நடுவில் மிதிதகடு. துருவைச் செங்கல் தூளும் புளியும் போட்டுத் தேய்ப்பார்கள். பிறகு ஊர் அண்டாவில் கருவேலம்பட்டையை அள்ளிப் போட்டு, இரும்பு காக்கை நிறத்துக்கு வரும்வரை வேகவைப்பார்கள். வெந்ததைக் கம்பால் தூக்கி, உருக்கிய தேன்மெழுகில் முக்கி, வேப்பங்கிளையில் தொங்கவிடுவார்கள். பொறி வைக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதாக ஒரு தடவை காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து சொன்னார். அதைப் பன்றிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க சார் என்று ஊர்க்காரர்கள் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இத்தனை பாடும் எதற்கு என்றால், பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு தெய்வம். இரும்பில் மனுஷ வாசனை ஒரு விரல் அளவு ஒட்டியிருந்தாலும் கூட்டமே விலகிப் போய் அடுத்த காட்டை அழிக்கும். அதனால் பொறி வேகவைப்பவன் கையில் பன்றிச் சாணமும் மண்ணும் பூசிக்கொள்வான், பீடி குடிக்க மாட்டான், எச்சில் துப்ப மாட்டான், எல்லாவற்றுக்கும் முந்தி இடுப்பிலிருக்கும் அருணாக்கயிற்றை அவிழ்த்துப் பெண்டாட்டி கையில் கொடுப்பான். ஆம்பிளையின் வாசனை கூடு கட்டிக் குடியிருப்பது அந்தக் கயிற்றில்தான் என்பது கூவாம்பாறைக் கணக்கு. முதல் பன்றி விழுந்த அன்று பெண்டாட்டியே அதைத் திருப்பிக் கட்டிவிட வேண்டும். இன்னொன்றும் உண்டு: பொறி வெந்த தண்ணீர் மனுஷ வாசனையைக் குடித்த தண்ணீர், அதை ஓடுகிற தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும்.

அந்த வருஷம் வேகவைத்தவன் ஒச்சப்பன். விருமாயியின் புருஷன். பீடியும் சின்ன வெங்காயமும் வேர்வையும் வேப்பெண்ணெயும் கலந்து அவனுக்கென்று ஒரு வாடை இருந்தது. ஊர் எல்லைப் புளியமரத்துக்கு அவன் வந்ததுமே விருமாயிக்கு மூக்கில் தட்டிவிடும், களிக்கு உலை வைத்துவிடுவாள், அவன் வாசலில் கால் வைக்கும்போது களி உருண்டை தட்டில் ஆவி பறக்கும். அப்படி ஒரு குடித்தனம்.

பொறிகளில் மூத்ததுக்குக் கிழவி என்று பேர். போன வருஷம் ஒற்றைக்கொம்பன் என்கிற தனியன் பன்றியின் பின்னங்கால் குளம்பைக் கடித்து வைத்துக்கொண்டு விடாதது அது. தனியனும் சளைக்காமல் குளம்பைக் கிழவிக்கே தானம் பண்ணிவிட்டு முண்டக் காலோடு மலை ஏறிவிட்டது. அந்தக் கிழவியை ஒச்சப்பன் தேய்த்துக்கொண்டிருந்தபோது வில்லை மிதித்திருந்த கால் செங்கல் தூளில் வழுக்கியது. கரும்பு முறிகிற சத்தம் கேட்டது. தாடை இரண்டும் அவன் முன்கையில் கூடியிருந்தன. விருமாயியும் அவள் அண்ணன் சிலம்பனும் கடப்பாரையை விட்டு நெம்பிப் பிரித்தபோது எலும்பு வெளியே வந்து வெயில் பார்த்தது, ரத்தம் கன்றுக்குட்டி குடிக்கிற அளவு போயிற்று.

ரத்தம் நிற்கப் பட்டைத் தண்ணீரை மிஞ்சின மருந்து அந்த ஊரில் கிடையாது. மற்றப் பொறிகள் வெந்து, இறக்கிவைத்த அண்டாவில் தண்ணீர் சூடு ஆறியிருந்தது. ஒச்சப்பன் தோள்வரை கையை அதில் விட்டுக்கொண்டு பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் கண்டு உடம்பு நடுங்கியபோது சிலம்பன் அதே தண்ணீரைச் செம்பு செம்பாக மொண்டு தலையில் ஊற்றினான். ரத்தம் நின்றது. கூடவே இன்னொன்றும் நின்றது. அது அப்போது யாருக்கும் தெரியவில்லை. மிச்சத் தண்ணீரை ஓடைவரைக்கும் எவன் தூக்குவது என்று சிலம்பன் சோளக்காட்டுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் கவிழ்த்துவிட்டு வந்து கை கழுவினான்.

மறுநாள் விடிந்ததும் ஒச்சப்பன் வளர்த்த நாய் செவலை அவனையே கடித்தது. எருமை அவனைத் தாண்டிப் பார்த்தது. கொசு அவன்மேல் உட்காரவில்லை. விருமாயிக்குப் பக்கத்தில் அம்மிக்கல் படுத்திருப்பது போலிருந்தது. கழுத்தில் மோந்தாள், கையைத் தூக்கிக் கம்புக்கூட்டில் மோந்தாள், எழுந்து உட்கார்ந்து அழுதாள். செய்தி பரவி, ஊரே டீக்கடை முன்னால் வரிசையில் நின்று அவனை மோந்து பார்த்தது. "ஒண்ணுமில்லப்பா, கழுவின சட்டி கணக்கா இருக்கான்" என்றார் ஒருவர். "சட்டியிலயாச்சும் மண் வாசனை இருக்கும்" என்றார் அடுத்தவர். வாசனை போனவனுக்கு என்ன வைத்தியம் என்று கொஞ்ச நேரம் பேசினார்கள், பிறகு டீ ஆறுகிறது என்று குடித்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

கதிர் பால் பிடித்தது. மலையிலிருந்து பன்றி இறங்கியது. மத்தியானக் கஞ்சி கொண்டுபோன விருமாயி, சோளத்துக்கு நடுவில் புருஷன் நிற்பதையும், அவனைச் சுற்றிப் பட்டப்பகலில் பன்றிக்கூட்டம் கதிர் முறித்துத் தின்பதையும் பார்த்தாள். ஒரு தாய்ப்பன்றி அவன் முழங்காலில் விலாவைத் தேய்த்துச் சொறிந்துகொண்டது. அவன் நல்ல கையால் அரிவாளை எடுத்து, மடியிலிருக்கும் பிள்ளைக்கு முடி ஒதுக்குகிறவன் போல நிதானமாக அதன் பிடரியில் இறக்கினான். தலை தொங்கி, ரத்தம் கதிர்மேல் அடித்தது. மற்றவை தலை நிமிர்ந்து மோந்தன, மனுஷ வாசனை இல்லை, திரும்பவும் தின்றன. அடுத்தது வந்து சொறிந்தது. அடுத்ததன் பிடரியிலும் இறங்கியது. பொழுது சாயும்போது வரப்புக்கு வரப்பு பன்றி கிடந்தது, வாய்க்கால் சிவப்பாக ஓடியது, ஊர் அடுப்பெல்லாம் கறி கொதித்தது.

விருமாயி மடியிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு, ஊர் கூடியிருந்த களத்துக்கு வந்தாள். ஊர்ப் பெரியவர் தவசி குறுக்கே கையை நீட்டினார்.

"என்னத்தா அது?"

"கயிறுய்யா. முதப் பன்னி விழுந்துருச்சு. கட்டணும்."

"கட்டுனா அவன் வாசனை திரும்பிரும். வாசனை திரும்புனா பன்னி கிட்ட வராது."

"வரலைன்னா போகுது. பொறி வைங்க. பொறி எதுக்கு இருக்கு?"

"போன வருசம் பொறி வச்சுத்தான் ஊரு காட்டுக்கிழங்கு தின்னுச்சு. ஒம் புருசன் ஒருத்தன் நின்னா ஊரே சோறு திங்குது. அறுப்பு முடியட்டும் தாயி, நானே என் கையால தர்றேன்."

கூட்டம் தலையாட்டியது. தலையாட்டியவர்கள் வாயில் அப்போதும் கறி இருந்தது. தவசி கயிற்றை வாங்கித் தன் வீட்டு உத்தரத்தில் செருகிவைத்தார். அதோடு விடவில்லை, விருமாயியின் வாசனை அவன்மேல் ஒட்டிவிடக்கூடாது என்று ஒச்சப்பன் வீட்டுக்குப் போவதும் தடுக்கப்பட்டது. அவன் காட்டிலேயே கிடக்க வேண்டும், இன்றைக்கு இந்தக் காடு, நாளைக்கு அந்தக் காடு என்று ஊர் முறை போட்டு அவனை நட்டுவைத்தது. அவள் கஞ்சியைத் தூரத்துப் பாறையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மழை பெய்தால் வெள்ளம் வரும், ஒச்சப்பன் நின்றால் பன்றி விழும் என்று ஊர் அதையும் ஓர் இயற்கையாக எடுத்துக்கொண்டது. அறுப்பு முடிந்தது. கயிறு வரவில்லை. அடுத்து கடலை இருக்கிறதே என்றார் தவசி.

ஒரு சாயங்காலம் விருமாயி அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது மூக்கில் தட்டியது. பீடி, வெங்காயம், வேர்வை, வேப்பெண்ணெய். அவளுக்கு உடம்பெல்லாம் பூத்துவிட்டது. திரும்பக்கூட இல்லை. "வந்துட்டிகளா மாமா? உக்காருங்க, இந்தா ஆச்சு" என்று களியை உருட்டித் தட்டில் போட்டுப் பின்னால் தள்ளினாள். தின்கிற சத்தம் ஒரு தினுசாக இருந்தது. திரும்பினாள். ஒற்றைக்கொம்பன் முண்டக் காலை மடக்கி உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தது. அதன் முதுகில் பட்டைத் தண்ணீர் காய்ந்து கறுப்பாக அப்பியிருந்தது. செவலை அதன் காதை நக்கி, வாலால் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது.

விருமாயி இன்னொரு உருண்டை போட்டாள். அது தின்றுவிட்டு, ஒச்சப்பன் சாய்கிற தூணில் சாய்ந்து ஏப்பம் விட்டுவிட்டுப் போயிற்று.

தினமும் வந்தது. முதலில் தெருவில் கதவு சாத்தினார்கள், பிறகு விலகி வழி விட்டார்கள், பிறகு "என்ன ஒச்சப்பா, சோர்ந்து போற?" என்று விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். ஊர் நாய்களெல்லாம் அதன் பின்னால் ஊர்வலம் போயின. அந்த வீட்டுக்கும் ஓர் ஆம்பிளை வந்து போகட்டுமே, பாவம், என்று பெண்கள் குழாயடியில் நியாயம் சொன்னார்கள். ஒரு நாள் தங்கையைப் பார்க்க வந்த சிலம்பன், தூணில் சாய்ந்திருந்த தனியனைப் பார்த்து, "வாங்க மாப்ள, சௌக்கியமா?" என்றான்.

விருமாயி அகப்பையை எடுத்து அவன் வாயிலேயே போட்டாள். உதடு கிழிந்தது.

"அண்ணே, அந்தத் தண்ணிய எங்க ஊத்துன?"

"ஓடையிலதான்..."

அகப்பை மறுபடி ஓங்கியது.

"பள்ளத்துலத்தா! சோளக்காட்டுப் பள்ளத்துல! இது அங்கதான் புரளும்னு நான் கண்டனா?" என்று சிலம்பன் ரத்தத்தைத் துப்பினான். "ஆனா ஒண்ணு சொல்லுறேன், நெச மாப்ளைய விட இவரு பேச்சுக் கொறச்சல்."

அன்றைக்கு அவள் பாறைக்குக் கஞ்சி கொண்டுபோனபோது, தடையை மீறித் தூரத்திலிருந்தே கூப்பிட்டாள். சோளத்தட்டைக்கு நடுவிலிருந்து ஒச்சப்பன் எழுந்தான். தலை முதல் கால்வரை பன்றி ரத்தம் காய்ந்து செதிலாக உதிர்ந்தது. இரண்டு குட்டிகள் அவன் காலைச் சுற்றி வந்தன.

"மாமா, வீட்டுக்கு வாங்க. எவன் தடுத்தாலும் நான் பாத்துக்கிறேன்."

"எந்த வீடுன்னு மூக்குக்குத் தெரியலையே விருமாயி. என் கையை மோந்தா எனக்கே ஆரோ எவரோ போல இருக்கு. இதுக மட்டுந்தான் என்னைத் தெரிஞ்ச மாதிரி வருதுக. வந்தா வெட்டுறேன். வெட்ட வெட்ட வருதுக." சொல்லிக்கொண்டே குனிந்து ஒரு குட்டியைத் தூக்கினான். அதைத் தடவிக்கொடுத்தான். அப்புறம் அதையும் வெட்டினான்.

விருமாயி திரும்பி நடந்தாள். அவளுக்குக் கணக்கு எளிது: திருடன் செத்தால் களவு போன மாடு தன் தொழுவத்துக்குத் தானே வரும்.

அடுப்புக்கு மேலிருந்து கிழவியை இறக்கினாள். புருஷன் செய்தது போலவே எல்லாம் செய்தாள். சாணமும் மண்ணும் பூசிக்கொண்டு, செங்கல் தூள் போட்டுப் பல்லுக்குப் பல் தேய்த்தாள். ஒரு பல் இடுக்கில் ஒச்சப்பனின் கைச்சதை காய்ந்த புளியாக ஒட்டியிருந்ததைக் குச்சியால் எடுத்தாள். வேகவைக்கும் முன் கயிறு அவிழ்க்க வேண்டுமே, பெண்பிள்ளைக்கு அருணாக்கயிறு ஏது? தாலிக்கயிற்றைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். குழாயடி வாயைப் பிளந்தது. பிளந்துகொள்ளட்டும். பட்டை கொதித்து இரும்பு கறுத்தது, மெழுகு ஏறிப் பளபளத்தது, வெந்த தண்ணீரை இடுப்பு ஒடியச் சுமந்துபோய் ஓடையில், ஓடுகிற தண்ணீரில் ஊற்றினாள். பொறியைக் களித்தட்டு வைக்கிற இடத்தில் குழி பறித்து வைத்து, சங்கிலியை உரலில் கட்டி, மேலே உமி தூவினாள்.

தனியன் வந்தது. தட்டுக்குக் குனிந்தது. முன்னங்கால் மிதிதகட்டில் ஏறியது.

கிழவி மூடிய சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. பன்றி துள்ளியதில் உரல் பம்பரமாகச் சுழன்று சுவரை இடித்தது, அடுப்பு சிதறியது, தணல் முற்றமெல்லாம் பறந்தது. விருமாயி உலக்கையை ஓங்கினாள். கை இறங்கவில்லை. எதிரே நிற்பது பன்றி என்று கண் சொல்கிறது, புருஷன் என்று மூக்கு சொல்கிறது. பயத்தில் வேர்த்த ஒச்சப்பன், வலியில் வேர்த்த ஒச்சப்பன். ஒற்றைக் கொம்பு அவள் தொடையைக் கிழித்துக்கொண்டு போனது. அவள் முந்தானையைக் கிழித்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினாள், மூச்சை அடக்கினாள், அடித்தாள். மண்டை பிளந்தது. செவலை எஜமானைக் காக்கிற வெறியில் அவள் கெண்டைக்காலைக் கவ்வியது. கவ்விய நாயை இழுத்துக்கொண்டே அடித்தாள். தாடை உடைந்தது, கண் தெறித்தது, ரத்தம் முகத்தில் கொப்பளித்து மயிரில் வடிந்தது. அடக்கிய மூச்சு நெஞ்சை உடைக்கிற வரை அடித்தாள். பிறகு துணியை அவிழ்த்து ஒரு மூச்சு இழுத்தாள்.

பன்றி வாடை. வெறும் பன்றி வாடை.

செவலை பிடியை விட்டது. தலையைத் தூக்கிக் காற்றில் மோந்தது. ஊளையிட்டுக்கொண்டே, வாலும் ஆட்டிக்கொண்டே, காட்டைப் பார்த்துப் பாய்ந்தது. ஊர் நாயெல்லாம் அதன் பின்னால் பாய்ந்தது. விருமாயிக்கும் வந்துவிட்டது: பீடி, வெங்காயம், வேர்வை, வேப்பெண்ணெய், மேல்காற்றில், கடலைக்காட்டுப் பக்கமிருந்து.

அங்கே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒச்சப்பன்தான். தன் கையை மோந்து பார்த்து, தன்னைத் தானே கண்டுகொண்டவனின் சிரிப்பு. கல்யாணத்தன்று சிரித்தானே, அதே சிரிப்பு. அவள் வாசலில் நின்று அதைக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு உறைத்தது. அவனைச் சுற்றி இந்நேரம் என்ன நிற்கும்?

சிரிப்பு பாதியில் முறிந்தது.

அவள் உலக்கையோடு ஓடினாள். காவல் பரண்களின்மேல் ஊர் ஆம்பிளைகள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள், தவசியும் இருந்தார், ஒருவனும் இறங்கவில்லை. கீழே இத்தனை நாளும் வெட்டுப்பட்டதெல்லாம் யாரால் என்று ஒரே மூச்சில் தெரிந்துகொண்ட கூட்டம் அவனைப் போட்டு உழுதுகொண்டிருந்தது. தூக்கி எறிந்தது, விழுமுன் குத்தியது. நாய்கள் பாய்ந்து பாய்ந்து குடல் சரிந்து விழுந்தன. செவலை அவன் கழுத்துக்கு மேலே கால் பரப்பி நின்று, தான் விழுகிறவரை ஒரு பல்லையும் அவன் முகத்துக்கு விடவில்லை.

விருமாயி அதற்குள் நேராக நடந்தாள். பன்றிகள் திரும்பின, மோந்தன. அவள் தலை முதல் கால்வரை ஒற்றைக்கொம்பனின் ரத்தம் சூடு ஆறாமல் இருந்தது. தங்கள் தனியனையே கொன்று உடுத்திக்கொண்டு வருகிற ஒன்றை அவை அதுவரை கண்டதில்லை. கூட்டம் உடைந்து மலையைப் பார்த்துச் சிதறியது.

ஒச்சப்பனுக்கு உயிர் இருந்தது. இடது பாதம் மட்டும் இல்லை. அவள் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தெரு வழியாக வந்து, பின்னால் மெல்ல மெல்ல வந்த தவசியின் வீட்டு வாசலிலேயே இறக்கினாள். உலக்கையை ஊன்றினாள்.

"கயித்தக் குடுங்கய்யா."

"ஆத்தா, ஊரு நன்மைக்குத்தான..."

"கயிறு."

தவசி உத்தரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தத் தெருவிலேயே, அத்தனை பேர் பார்க்க, புருஷன் இடுப்பில் கட்டி முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். அவன் கண்ணைத் திறந்து, "களி கரிஞ்சு போச்சா விருமாயி?" என்று கேட்டான். "அடுப்பே இல்ல, களிக்கு எங்க போக?" என்றாள். அப்போதுதான் அழுதாள். வீட்டுக்குப் போய் அரிசிப் பானையில் கை விட்டுத் தாலியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். செவலையை முற்றத்துத் தூணடியில் புதைத்தாள்.

அடுத்த ஐப்பசி வந்தது. பொறிகள் இறங்கின. வேகவைக்க ஆள் வரவில்லை. சிலம்பனுக்கு வயிற்றுவலி, மற்றவனுக்கு மாமியார் சாவு, இன்னொருத்தன் மாமியாருக்கு இரண்டாம் சாவு. அண்டா காலியாகக் கிடந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு விருமாயி வந்தாள். பின்னால் ஒச்சப்பன் கவைக்கம்பு ஊன்றி வந்து, ஊர் நாய்களில் மிச்சமிருந்தவை அவன் கையை நக்க, ஓரமாக உட்கார்ந்தான்.

"இந்த வருசம் தவசியய்யா வேகவைக்கட்டும்" என்றாள்.

ஊர் நன்மை அல்லவா? தவசி நாலாபக்கமும் பார்த்தார். பார்த்தவர்களெல்லாம் தலையாட்டினார்கள், தலையாட்டிப் பழகின ஊர்தானே. அவர் வேட்டிக்குள் கை விட்டு, அருணாக்கயிற்றை அவிழ்த்தார். பெண்டாட்டியைத் தேடினார். விருமாயி கையை நீட்டினாள்.

"அதை இங்க குடுங்க. முதப் பன்னி விழட்டும். அப்புறம் கடலை இருக்கு. அப்புறம் பாக்கலாம்."

அந்தக் கயிறு அவள் அடுக்களை உத்தரத்தில், உலக்கைக்கு மேலே, இன்றைக்கும் தொங்குகிறது. போனால் பார்க்கலாம். காட்டோரம் நிற்கிற தவசிக் கிழவரையும் பார்க்கலாம், பட்டைத் தண்ணீரைத் தலையோடு ஊற்றிய உடம்பு, கொசுகூட உட்காராது. பார்த்துவிட்டு வந்து எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள், யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், எனக்கென்ன. சொன்னவன் இன்னான் என்று மட்டும் அந்த விருமாயி காதில் போட்டுவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். எனக்கு இருப்பதும் ஒரே ஒரு அருணாக்கயிறுதான்.